பினாங்குக் கரையிலிருந்து புறப்பட்ட ஒற்றர்கள்



தோட்டங்களில் வேலை முடிந்து வீடு திரும்பி, பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைக் கேட்கும் தாய்மார்களே, பெரியவர்களே, மாணவச் செல்வங்களே! இன்று உங்களோடு ஒற்றர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒற்றர் என்றதும் கறுப்புக் கண்ணாடியும் கைத்துப்பாக்கியும் உங்கள் கண்முன் வந்தால் வியப்பில்லை. நாம் அறிந்த ஒற்றர்கள் பெரும்பாலும் திரையில் வருகிறவர்கள்தாம். நான் சொல்லப்போகிறவர்களோ நம் பினாங்குத் துறைமுகத்திலிருந்து உண்மையாகவே புறப்பட்டுப் போனவர்கள்.

இந்தப் பேச்சுக்கு வித்திட்டவன் என் வகுப்பு மாணவன் ஒருவன். பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முதல் அத்தியாயத்தை அவன் தன் அண்ணனோடு பார்த்திருக்கிறான். மறுநாள் பள்ளிக்கு வந்ததும், "டீச்சர், பிடிபட்டால் உங்களை எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவோம் என்கிறார்களே, உண்மையிலேயே அப்படி விட்டுவிடுவார்களா?" என்று கேட்டான். கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு ஒரே வரியில் விடை சொல்ல என்னால் முடியவில்லை.

முதலில் அவன் பார்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடரின் பெயர் 'மிஷன் இம்பாசிபிள்'. செய்ய முடியாத காரியம் என்று நம் மொழியில் பொருள் கொள்ளலாம். இதை உருவாக்கியவர் புரூஸ் கெல்லர். இதன் முதல் அத்தியாயம் 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் அமெரிக்காவில் ஒளிபரப்பாயிற்று. தொடர் 1973 வரை ஓடியது.

முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் டான் பிரிக்ஸ் என்ற தலைவருக்கு ஓர் இசைத்தட்டு கிடைக்கிறது. அதில் பாட்டு இல்லை, கட்டளை இருக்கிறது. சாந்தா கோஸ்தா என்ற கற்பனைத் தீவு நாட்டின் சர்வாதிகாரி இரண்டு அணு ஆயுத முனைகளை ஒரு தங்கும் விடுதியின் இரும்புப் பெட்டக அறையில் பூட்டி வைத்திருக்கிறான். அவற்றை வெளியே கொண்டுவர வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் உம் விருப்பம், ஆனால் பிடிபட்டால் அரசாங்கம் உம்மைக் கைவிட்டுவிடும் என்று குரல் சொல்லி முடிக்கிறது. சற்று நேரத்தில் காற்றுப் பட்டு அந்த இசைத்தட்டே அழிந்துபோகிறது.

பிறகு தலைவர் தம் வீட்டில் அமர்ந்து, பல புகைப்படங்களைப் பார்த்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார். ஒருவர் மாறுவேடம் போடுவதில் வல்லவர். ஒருவர் மின்கருவிகளில் தேர்ந்தவர். ஒருவர் பலசாலி. ஒருவர் எந்தப் பூட்டையும் திறக்கக் கூடியவர். அழகும் சாமர்த்தியமும் உள்ள பெண் ஒருவரும் உண்டு. நடுவில் பூட்டுத் திறப்பவரின் விரல்களுக்குக் காயம் ஏற்பட, நம் நெஞ்சு படபடக்கிறது. ஆயினும் தலைவரே முன்வந்து காரியத்தை முடிக்கிறார். எல்லாரும் உயிரோடு விமானம் ஏறுகிறார்கள். கதை சுபம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிடிபட்டால் கைவிடுவோம் என்று தொடக்கத்தில் சொன்னார்களே ஒழிய, அங்கே எவரும் கைவிடப்படவில்லை. அந்த எச்சரிக்கை பார்ப்பவரின் ஆவலைத் தூண்டுவதற்காகச் சொல்லப்பட்டது. ஆகவே மாணவன் கேட்ட கேள்விக்கு அந்த அத்தியாயத்தில் விடை கிடையாது. விடை இருப்பது 1942-ஆம் ஆண்டின் பினாங்கில்.

நான் வசிக்கும் சுங்கை பினாங் ஆற்றோரப் பகுதி. அந்த ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நின்று பார்த்தால் நீரிணையில் கப்பல்கள் போய்வருவது தெரியும். அக்கரையில் செபராங் பிறை. மாலை வேளையில் காற்று வாங்குவதற்கு நல்ல இடம். இதே நீரிணை ஒரு காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களின் பாதையாக இருந்தது என்று சொன்னால் இளைஞர்கள் நம்புவதில்லை.

பாட்டன் பாட்டி 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்வார்களே, அந்தக் காலத்துச் செய்தி இது. 1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் மீது குண்டு பொழிந்தன. சில நாள்களில் வெள்ளையர்கள் இரவோடு இரவாகத் தம் இனத்தாரை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு தீவை விட்டுப் போய்விட்டார்கள். இந்தியர், சீனர், மலாய்க்காரர் எவருக்கும் முன்கூட்டி அறிவிப்பு இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, குண்டுவீச்சு நிற்கும்படி வழி செய்தவர் பத்திரிகை ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் சரவணமுத்து. டிசம்பர் 19-ஆம் நாள் ஜப்பானியர் தீவுக்குள் நுழைந்தார்கள். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரும் விழுந்தது.

தங்களை ஆண்டவர்கள் தங்களை விட்டுவிட்டு ஓடியதைக் கண்ணால் கண்ட இந்தியர்களின் மனத்தில், தாயகமும் விடுதலை பெற வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததில் வியப்பென்ன? இந்திய சுதந்திரக் கழகம் மலாயா எங்கும் கிளைகள் திறந்தது. பட்டணத்து வழக்கறிஞர், கடைக்காரர், அலுவலகக் கிராணி, பால்மரம் சீவும் தொழிலாளி என்று பலதரப்பட்டவர்களும் அதில் சேர்ந்தார்கள். பினாங்கில் வழக்கறிஞராக இருந்த என். ராகவன் அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். மலாயா இந்தியர் மத்திய சங்கத்திலும் தலைமைப் பொறுப்பு வகித்தவர் அவர்.

ராகவனின் பொறுப்பில் பினாங்கில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் இந்திய சுவராஜ் நிலையம். இந்தியாவுக்குள் மறைவாகச் சென்று விடுதலைப் பிரசாரம் செய்யவும், செய்தி திரட்டி அனுப்பவும் அங்கே இளைஞர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். எளிய சொல்லில் சொன்னால் அது ஓர் ஒற்றர் பள்ளிக்கூடம். அதில் பயின்றவர்கள் பிறவி வீரர்களோ, கைதேர்ந்த மாயக்காரர்களோ அல்லர். அவர்களில் ஒருவர் வக்கம் அப்துல் காதர். திருவாங்கூர் நாட்டில் வக்கம் என்ற சிற்றூரில் 1917-இல் பிறந்தவர். 1938-இல் பிழைப்புத் தேடி மலாயா வந்து, அரசாங்கப் பொறியியல் பகுதியில் வேலை பார்த்தவர். நம் வீட்டுப் பெரியவர்கள் வந்த அதே கடல் வழியே, அதே பிழைப்பைத் தேடி வந்த ஒருவர்.

இனி இவர்களை அனுப்பிய முறையைப் பார்ப்போம். 1942 முதல் பினாங்கு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தளமாக இருந்தது. பிற்பாடு ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் இங்கே வந்து தங்கின. அந்தக் காலத்து நீர்மூழ்கி எப்போதும் நீருக்கடியிலேயே கிடக்க முடியாது. டீசல் இயந்திரம் ஓடக் காற்று வேண்டும். எனவே இரவில் மேலே மிதந்து, இயந்திரத்தை ஓட்டி, மின்கலங்களுக்கு மின்னேற்றம் செய்துகொள்ளும். ஆபத்து வந்தால் உள்ளே மூழ்கி அந்த மின்கலங்களின் வலுவில் மெல்ல ஊர்ந்து போகும். உள்ளே இடம் குறைவு. எண்ணெய் வாடையும் வெப்பமும் தாங்க முடியாதவை. பினாங்கிலிருந்து சுமத்திராவின் வடமுனையைக் கடந்து, இலங்கையைச் சுற்றிக்கொண்டு இந்தியாவின் மேற்குக் கரையை அடைய ஒரு வாரத்துக்கும் மேலாகும். இலங்கையிலோ பிரிட்டிஷ் கடற்படை காவல் இருந்தது.

கரைக்கு அருகில் கடல் ஆழம் குறைவு. நீர்மூழ்கியால் அங்கே போக முடியாது. ஆகவே நடுக்கடலிலேயே நின்று, இருட்டில் இரப்பர்ப் படகை இறக்கி, அதில் ஆள்களை ஏற்றி விட்டுவிடும். பிறகு அது திரும்பிப் பாராமல் போய்விடும். படகில் இருப்பவர்கள் அலையோடு போராடிக் கரை சேர வேண்டும். சேர்ந்தபின் அவர்கள் தனி. தொடரில் வரும் குழுவுக்குப் பின்னால் ஒரு வல்லரசின் பணமும் கருவிகளும் நின்றன. இவர்களுக்குப் பின்னால் கடல் மட்டுமே இருந்தது.

1942 செப்டம்பர் மாதத்தில் முதல் குழுக்கள் புறப்பட்டன. வக்கம் காதர் இருந்த குழு மலபார்க் கரையில் தானூர் அருகே இறங்கியது. இன்னொரு குழு கத்தியவார்க் கரையில் இறங்கியது. வேறு சிலர் பர்மா எல்லை வழியாகத் தரை மார்க்கமாக அனுப்பப்பட்டார்கள். காதரின் குழு கரையேறிய கையோடு பிடிபட்டது. ஏனைய குழுவினரும் ஒருவர் பின் ஒருவராகச் சிக்கினார்கள்.

ஏன் இவ்வளவு விரைவில் பிடிபட்டார்கள்? காரணங்களை யோசித்துப் பார்த்தால் திரைக்கதைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரம் விளங்கும்.

முதலாவது, ஊருக்குப் புதியவரை மறைக்க முடியாது. நம் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லயத்துப் பக்கம் முன்பின் தெரியாத ஆள் ஒருவர் வந்தால், பிரட்டுக்களம் கலைவதற்குள் செய்தி ஆயாக் கொட்டகை வரை போய்விடாதா? கடற்கரைக் கிராமமும் அப்படித்தான். விடியற்காலையில் வலையோடு கடற்கரைக்கு வரும் மீனவர் கண்ணில் ஈரத் துணியோடு நிற்கும் அந்நியர் தப்ப முடியாது.

இரண்டாவது, அது காலம் பார்த்துச் செய்த காரியம் அன்று. 1942 ஆகஸ்டில் காந்தியடிகள் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தைத் தொடங்கியிருந்தார். இந்தியா முழுவதும் கைது நடந்துகொண்டிருந்தது. கரையோரமெங்கும் போலீசார் விழிப்பாக இருந்த வேளையில் இவர்கள் போய் இறங்கினார்கள்.

மூன்றாவது, செய்தி அனுப்புவதில் உள்ள இடர். ஒற்றர் திரட்டிய செய்தியைக் கம்பியில்லாத் தந்திக் கருவி வழியாகத்தான் கடல் கடந்து அனுப்ப முடியும். ஆனால் அந்தக் கருவி எழுப்பும் அலையே அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். ரப்பர்க் காட்டுக்குள் எங்கோ ஒரு குயில் கூவுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இந்த நிரையில் நின்று சத்தம் வரும் திசையைக் கை நீட்டிக் காட்டுகிறார். இன்னொருவர் தூரத்தில் வேறொரு நிரையில் நின்று கை நீட்டுகிறார். இரண்டு கைகளும் காட்டும் கோடுகள் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே குயில் இருக்கிறது. வானொலி அலையையும் இவ்வாறே இரண்டு இடங்களிலிருந்து அளந்து கண்டுபிடித்து விடுவார்கள். கரையில் தப்பிய ஒற்றரும் இதில் சிக்கக் கூடும்.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருகிறேன். பிடிபட்டபின் என்ன நடந்தது?

போர்க்களத்தில் சீருடையோடு பிடிபட்ட சிப்பாய் போர்க்கைதி. அவனைக் கொல்லக் கூடாது என்பது உலக வழக்கு. ஒற்றனின் நிலை வேறு. 1907-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை விதிகளின்படி, மறைவாகவோ பொய்த் தோற்றத்திலோ செய்தி திரட்டுகிறவன் ஒற்றன். அவனுக்குப் போர்க்கைதியின் பாதுகாப்பு கிடையாது. விசாரணையின்றித் தண்டிக்கக் கூடாது என்ற ஒரே ஓர் ஆறுதல்தான் உண்டு. அதற்கும் மேலாக, பிரிட்டிஷ் அரசின் பார்வையில் இந்த இளைஞர்கள் வெறும் ஒற்றர்கள் அல்லர். மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குடிமக்கள்.

1943-இல் 'எதிரியின் ஆட்கள் அவசரச் சட்டம்' என்று ஒரு சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இளைஞர்கள் பிடிபட்டதோ அதற்கு முன்பு, 1942-இல். சென்னையில் தனி நீதிமன்றம் அமைத்து விசாரித்தார்கள். போர்க்காலம் ஆதலால் நடந்தது எதுவும் வெளியுலகுக்குத் தெரியவில்லை. செய்தித்தாள்கள் எழுதவில்லை. பொதுமக்கள் கூடிக் குரல் எழுப்பவில்லை. ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் போனிபேஸ் பெரைரா என்ற ஒருவர் மட்டும் தூக்கிலிருந்து தப்பினார்.

மற்ற நால்வரும் 1943-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் சென்னை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், பவுஜா சிங் என்பவை அவர்களின் பெயர்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் மலையாள இந்து, ஒருவர் வங்காளி, ஒருவர் சீக்கியர். தூக்கிலிருந்து தப்பிய பெரைராவோ கிறிஸ்தவர். காதருக்கு அப்போது வயது 26. இறப்பதற்கு முன் அவர் தம் தந்தைக்குக் கடிதம் எழுதினார். தம்மோடு ஓர் இந்து சகோதரரையும் சேர்த்துத் தூக்கிலிட வேண்டும் என்பதே அவரது கடைசி விருப்பம் என்றும், அவ்வாறே அவரும் அனந்தனும் ஒருசேரத் தூக்கிலிடப்பட்டார்கள் என்றும் கூறுவர்.

நேயர்களே, இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இவர்களை அனுப்பியவர்கள் என்ன செய்தார்கள்?

இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்த பகுதி இதுதான். ராகவன் நடத்திய நிலையத்து மாணவர்கள் சிலரை, அவருடைய இசைவைப் பெறாமலே ஜப்பானிய அதிகாரிகள் நீர்மூழ்கியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இந்தியத் தலைவர்களோடு தொடர்பு வைத்திருந்த ஜப்பானியப் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்தவர் கர்னல் இவாகுரோ. இந்தியர்களின் செயற்குழுவைக் கலந்துகொள்ளாமல் எடுத்த முடிவு அது. செய்தி தெரிந்ததும் ராகவன் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். எதிர்ப்பின் அடையாளமாக நிலையத்தையே மூடிவிட்டார். ஜப்பான் ஆட்சியில் அப்படிச் செய்வது உயிரோடு விளையாடுவதற்குச் சமம். அவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். 1942 டிசம்பரில் இந்தியத் தலைவர்களுக்கும் ஜப்பானியருக்கும் மூண்ட பெரும் பிணக்கில் இதுவும் ஒரு காரணம்.

நானும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரோ ஒருவர் என்னைக் கேளாமல், அவன் பெற்றோரைக் கேளாமல் அழைத்துப்போய்விட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த இளைஞர்கள் விருப்பத்தோடுதான் போனார்கள். துணிவும் நாட்டுப்பற்றும் அவர்களுடையவை. அவற்றை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் எந்த நாளில், எந்தக் கரையில், எந்த ஏற்பாட்டோடு அவர்களை இறக்குவது என்று தீர்மானித்தவர்கள் வேறு. அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் ஏற்கவில்லை. பொறுப்பை உணர்ந்த ஒருவர் பள்ளிக்கூடத்தை மூடினார்.

அதே ஜப்பான் காலத்தில் நம் தோட்டங்களில் நடந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நல்ல கூலி, நல்ல சாப்பாடு என்று சொல்லி ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைச் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, போனவர்களில் எத்தனையோ பேர் காட்டிலேயே மாண்டிருந்தார்கள். அங்கும் போனவர்களுக்கு உண்மை சொல்லப்படவில்லை. அங்கும் இறந்தவர்களுக்காகப் பேச ஆளில்லை.

இரகசியம் என்பது ஒற்றனுக்குக் கவசம் என்று கதைகளில் படிக்கிறோம். பயணத்தில் அது கவசம்தான். பிடிபட்டபின் அதே இரகசியம் அவன் கழுத்துக்குச் சுருக்காகிவிடுகிறது. அவன் இருப்பதே எவருக்கும் தெரியாவிட்டால் அவனுக்காக யார் வாதாடுவது? இதற்குச் சரித்திரமே சான்று தருகிறது.

போர் முடிந்தபின் இந்திய தேசிய இராணுவத்தின் அதிகாரிகள் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவரையும் 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் விசாரித்தார்கள். அவர்கள் மீதும் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகவே குற்றச்சாட்டு. ஆனால் அந்த விசாரணை ஊரறிய நடந்தது. புகழ்பெற்ற வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். நாடே கொந்தளித்தது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டும் 1946 சனவரியில் அவர்களை விடுதலை செய்ய நேர்ந்தது. 1943-இல் மூடிய கதவுக்குள் விசாரிக்கப்பட்டவர்களோ சத்தமில்லாமல் தூக்குமேடை ஏறினார்கள்.

இன்னொரு சான்றும் உண்டு. பிற்காலத்தில் நீர்மூழ்கியில் வந்து ஒரிசாக் கரையில் இறங்கியவர் பவித்ர மோகன் ராய். அவருக்கும், கல்கத்தாவில் உதவிய ஹரிதாஸ் மித்ரா முதலானோருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஹரிதாசின் மனைவி பேலா, நேதாஜியின் அண்ணன் மகள். அவர் காந்தியடிகளிடம் சென்று முறையிட்டார். ஒற்று வேலையும் ஆயுத வழியும் காந்தியடிகளின் கொள்கைக்கு மாறானவை. ஆயினும் அவர் 1945-இல் வைசிராய்க்கு எழுதினார். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. பின்னர் அவர்கள் விடுதலையும் அடைந்தார்கள். பேசுவதற்கு ஒரு வாய் இருந்தது, உயிர்கள் பிழைத்தன.

ஒரு தரப்பை மட்டும் சொல்லி நிறுத்தினால் பேச்சு முழுமையாகாது. அதே கடலில் எதிர்த் திசையிலும் ஒற்றர்கள் வந்தார்கள். ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய 136-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த லிம் போ செங், சிங்கப்பூர் வணிகர். இந்தியாவில் பயிற்சி பெற்று, 1943 நவம்பரில் நீர்மூழ்கி வழியாகப் பேராக் கரைக்கு வந்தார். 1944 மார்ச்சில் பிடிபட்டார். சித்திரவதை செய்தும் தோழர்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. 1944 ஜூன் 29-ஆம் நாள் பத்து காஜா சிறையில் உயிர் நீத்தார். அவர் எந்தக் கொடியை எதிர்த்தாரோ அந்தக் கொடியின் கப்பலில்தான் காதர் போனார். அரசியல் வேறு, சிறைக்குள் இருவரும் தனித்து நின்றது ஒன்றே.

இனி, பிற்பாடு நடந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ராகவன் பின்னாளில் நேதாஜியின் சுதந்திர இந்திய அரசில் பொறுப்பு வகித்தார். இந்தியா விடுதலை பெற்றபின் சீனாவுக்கு இந்தியத் தூதரானார். 1954 ஏப்ரல் 29-ஆம் நாள் பஞ்சசீலக் கொள்கை இடம்பெற்ற இந்திய–சீன உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்டவர் நம் பினாங்கு வழக்கறிஞரான அதே ராகவன்தான். தூக்கிலிடப்பட்டவர்களை இந்திய அஞ்சல் துறை 55 ஆண்டுகள் கழித்து, 1998-இல் நினைவு அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. அவர்கள் புறப்பட்ட நம் தீவிலோ அவர்கள் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவனிடம் இவ்வளவையும் பிள்ளைகளுக்கு ஏற்றபடி சொன்னேன். "ஆமாம் தம்பி, சில வேளைகளில் உண்மையாகவே கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் கைவிடாதவர்களும் இருந்தார்கள்" என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த நாலு பேர் பெயரையும் கரும்பலகையில் எழுதுங்கள் டீச்சர்" என்றான். எழுதினேன். பிள்ளைகள் தங்கள் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகள் ஒற்றர் கதை பார்ப்பதைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அத்தொடர் திறமையாக எடுக்கப்பட்டது. நானும் விரும்பிப் பார்த்தேன். ஆனால் பார்த்து முடிந்ததும் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இவர்களை அனுப்பியது யார்? இவர்களுக்குத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்விகள் ஒற்றர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. தூரத்து ஊரில் நல்ல சம்பளம் என்று யாரேனும் நம் பிள்ளைகளை அழைக்கும்போதும், படிக்காத தாளில் கையெழுத்துப் போடச் சொல்லும்போதும், யாரிடமும் சொல்லாதே என்று ஒரு வேலையை ஒப்படைக்கும்போதும் இவையே கேட்க வேண்டிய கேள்விகள். யாரிடமும் சொல்லாதே என்பவரிடம்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

மற்றொன்று. உங்கள் வீட்டில் ஜப்பான் காலத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். யார் படையில் சேர்ந்தார், யார் சயாமுக்குப் போனார், யார் திரும்பவில்லை என்று எழுதி வையுங்கள். தோட்டங்கள் கைமாறுகின்றன, லயங்கள் இடிக்கப்படுகின்றன, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விடுகின்றன. ஏட்டில் எழுதிய பெயர் உங்களோடு வரும்.